குறிப்பு அடுத்த பக்கத்தில் இருந்தது

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை. அதைப் போன வாரம் போனிலேயே கேட்டுவிட்டேன், நீயும் "ஃபைன்மா" என்று சொல்லிவிட்டாய். போனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். மெதுவாகப் படி. ஒரு வரி படித்து, நின்று, அடுத்த வரிக்குப் போ. நான் எழுதுவதும் அப்படித்தான். ஆறாம் வகுப்போடு நின்றவள். உன் அப்பா போன பிறகு ரொம்ப நாள், பென்ஷன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டதைத் தவிர பேனாவைத் தொடவில்லை. மூன்று நாளாக உட்கார்ந்தும் எழுந்தும் எழுதுகிறேன். அசதியாக இருக்கிறது. தூங்கினால் போகிற அசதி இல்லை, அதனால் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் ஆகாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாசக் கடைசியில் உங்கள் பக்கங்கள் வெளியே போகின்றன என்று சொன்னாய். கம்ப்யூட்டரை முதல் தடவை தொடுகிறவர்கள், அதை இயக்குகிற உங்கள் சிஸ்டத்தை எப்படி ஏற்றிக்கொள்வது, எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று சொல்லிக்கொடுக்கிற பக்கங்கள். பத்து மொழியில் வருகிறது, தமிழிலும் வருகிறது என்றாய். அதோடு இன்னொன்றும் சொன்னாய். புனேயில் உங்கள் ஆபீஸ் மீட்டிங்கில், இதெல்லாம் புதுசாக வருகிறவர்களுக்குப் புரியுமா என்று ஒருவர் சந்தேகப்பட்டாராம். "எங்க அம்மா ஆறாங்கிளாஸ்தான். தில்லியிலே தனியா உட்கார்ந்து, இந்தப் பக்கத்தைப் பார்த்து, அவங்களே சிஸ்டம் ஏத்திட்டாங்க" என்று நீ சொன்னாயாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்ததாம். பெருமையாகச் சொன்னாய். நான் "ம்" என்றேன். போனை வைத்துவிட்டு பால்கனியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தேன். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தேன்.

உன் பக்கத்தைப் பார்த்து நான் செய்த வேலையை நீ முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லை தம்பி. நான் சொல்லவில்லை. அந்த மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. எனக்கு இனி வெட்கம் இல்லை.

முதலில் பழைய கதை ஒன்று. நீ ஐந்தாவது முடித்து ஆறாவது போகிறபோது பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம் இந்தியில் மழை மாதிரிக் கொட்டினாள். கட்டம் கட்டமாக இருந்தது. "சமஜ் மே ஆயா?", புரிந்ததா என்று கேட்டாள். "ஹாஞ்ஜி", ஆமாம் என்றேன். அவள் விரல் வைத்த கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாசம் கழித்து நீ சம்ஸ்கிருதப் புத்தகத்தோடு வந்தபோதுதான் தெரிந்தது, தமிழ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பா திட்டவில்லை. "புரியலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். "எப்படிக் கேட்கிறது? பின்னாடி பத்துப் பேர் நின்னாங்க" என்றேன். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலேட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான் இன்றைக்கு உனக்கு இருக்கிற தமிழ். நீ இந்தக் கடிதத்தோடு படுகிற பாடு நான் போட்ட அந்த டிக்கினால் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீயும் அதே மாதிரித்தான் என்னைக் கேட்டாய். எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்கிற பக்கங்களைப் போனில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, "புரிஞ்சுதாம்மா?" என்றாய். "புரிஞ்சுதுப்பா" என்றேன். உனக்குப் பின்னாடியும் யாரோ வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கும் உன் குரல். எனக்குப் பாதி புரியவில்லை. புரியவில்லை என்றால் நீ இன்னொரு தடவை அதையே கொஞ்சம் சத்தமாக வாசிப்பாய். எங்களை மாதிரி ஆட்களிடம் புரிந்ததா என்று கேட்காதே. நாங்கள் ஆமாம் என்றுதான் சொல்வோம். அப்பா ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. "செய், பார்க்கிறேன்" என்பார். செய்யும்போது எங்கே கை நிற்கிறதோ அங்கேதான் அவர் பென்சிலால் கோடு போடுவார்.

அவருக்கு அது வந்தது எப்படி தெரியுமா? நான் கல்யாணமாகி வந்து கரோல் பாக்கில் ஒற்றை அறையில் இருந்த புதுசு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலை, புளி எல்லாம் கிடைக்கும் என்று சொல்லி, பஸ் நம்பர், எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனார். போனேன், வாங்கினேன். திரும்பி வருவதற்கு எங்கே இறங்கினேனோ அங்கேயே நின்றேன். அதே நம்பர் பஸ் வந்தது, ஏறினேன். அது வீட்டுக்கு வரவில்லை, இன்னும் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கச் சொன்னார். நம்பர் சரி, பஸ் சரி, நான் செய்ததும் தாளில் இருந்தபடி சரி. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும் என்று தாளில் இல்லை. ஊரில் எங்கள் தெருவில் ஒரே பஸ்தான், ஒரே இடத்தில் நின்று, அங்கேயே திரும்பிப் போகும். எனக்கு எப்படித் தெரியும்? பையிலே கறிவேப்பிலை வாடிப்போய், பசியோடு வீடு வந்து சேர்ந்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எதிர்ப்பக்கம் நிக்கணும்னு தெரியாதா?"

"தெரிஞ்சவளுக்கு எதுக்கு உங்க தாள்?"

அவர் பையை வாங்கி உள்ளே வைத்தார். அப்புறம் அந்தத் தாளை வாங்கி, மேலே இருந்த இடத்தில் எழுதினார், "திரும்பி வரும் வழி" என்று. அதற்குப் பிறகு எதை எழுதிக் கொடுத்தாலும் அதைத்தான் முதலில் எழுதுவார். போகிற வழி அப்புறம்.

ரிடையர் ஆகி தில்லியிலேயே துவாரகாவுக்கு வந்த பிறகு உன் பழைய லேப்டாப்பை அவருக்குக் கொடுத்தாய். அதில் அவர் எழுதியது உனக்குத் தெரியும், ஆனால் எழுதின விதம் தெரியாது. மத்தியானம் தூங்கி எழுந்ததில் இருந்து டீ வரைக்கும், நாள் ஒன்றுக்கு நாலு வரி, ஐந்து வரி. எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க என்று ஆரம்பித்தது. அப்புறம் கீழே பார்க்கில் நடக்க வருகிற ஆறேழு பென்ஷன்காரர்களும் கேட்டார்கள் என்று அவர்களுக்கும் சேர்த்து எழுதினார். ஒரு வரி எழுதினால் உடனே என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டு வாசிப்பார்.

"வலது பக்க மூலையிலே சின்னதா ஒரு பெட்டி இருக்கும், அதை அமுத்து."

"உங்க வலதா, என் வலதா?"

"எல்லாருக்கும் ஒரே வலதுதாண்டி."

"எதிர்ல உட்கார்ந்துகிட்டு சொல்றீங்க, எனக்கு எப்படித் தெரியும்?"

யோசிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திருத்துவார். 'திரையைப் பார்த்து உட்காருங்கள். உங்கள் சோற்றுக்கைப் பக்கம், கீழ் மூலை.' "இப்படியெல்லாம் எழுதினா உங்க ஆபீஸ்காரங்க சிரிப்பாங்க" என்றேன். "முப்பத்தாறு வருஷம் சிரிக்காத ஆபீஸ். இப்பவாவது சிரிக்கட்டும்" என்றார்.

இன்னொரு நாள் ஏதோ ஒரு பட்டை திரையில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. நான் நின்றுவிட்டது என்று நினைத்து இதையும் அதையும் தட்டிவிட்டேன். "ரெண்டு நிமிஷம் ஆகும்னு எழுதியிருக்கேனே" என்றார். "கெட்டுப்போச்சோன்னு பயந்து நிக்கிறவ கடிகாரத்தைப் பார்ப்பாளா?" என்றேன். அதையும் மாற்றினார். 'இது ஊர்ந்து முடிய ஒரு டீ போடுகிற நேரம் ஆகும். போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். அது எங்கேயும் போகாது.' அந்த வரியில் எனக்குப் பயம் போயிற்று தம்பி. கம்ப்யூட்டர் மேல் இருந்த பயத்தில் பாதி அன்றைக்கே போயிற்று. நாற்பது பக்கத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரிண்ட் எடுங்கள் என்றேன். "இது இன்னும் டிராஃப்ட். முடிஞ்சு வெளியே போகும்போதுதான் எடுக்கணும்" என்றார். ஆவணியில் ஒரு காலை பார்க்குக்குப் போனவர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் என்னை வைத்துப் பார்க்க வேண்டிய வரி ஒன்று பாக்கி இருந்தது.

காரியம் முடிந்து நீ புனே போய், கார்த்திகை பிறந்த பிறகு போன் செய்தாய். "அப்பா எழுதினதை அனுப்பும்மா, எங்க பக்கத்துக்கெல்லாம் அதுதான் மாதிரியா இருக்கணும்" என்றாய். எனக்கு அவர் போன பிறகு முதல் தடவையாகச் சாப்பாடு ருசித்த நாள் அது. அந்த லேப்டாப்பில் இருக்கிறது ரொம்பப் பழைய சிஸ்டம், உன்னால் அங்கிருந்து உள்ளே வர முடியவில்லை, உங்களுடைய புதுசை ஏற்றிவிட்டால் நீயே நெட் வழியாக வந்து எடுத்துக்கொள்வாய் என்றாய். கூரியரில் ஒரு பென் டிரைவும் பதினொரு தாளும் வந்தன. "அதிலே இருக்கிற மாதிரி பண்ணு போதும்மா" என்றாய்.

வெளியே தில்லிக் குளிர்காலப் புகை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. குளித்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்காராமல் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விரலை வரியின் மேல் வைத்து, ஒரு வரி படித்து, அதைச் செய்து, அடுத்த வரி படித்தேன். அப்பா அப்படித்தான் பழக்கியிருந்தார். முதல் நாலு தாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாவது தாளின் அடியில், ஆறாவது படி: 'வட்டினை அழித்து நிறுவுக என்பதைத் தேர்வு செய்து, தொடர்க பொத்தானை அழுத்தவும்.' வட்டு என்பது எது என்று தெரியவில்லை. அழித்து என்பது தெரிந்தது. கை நின்றது தம்பி. நிஜமாகவே நின்றது. எதிரில் அப்பா இருந்திருந்தால் அங்கே பென்சில் கோடு விழுந்திருக்கும்.

உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாததற்கு இரண்டு காரணம். ஒன்று, இது நீ எழுதியது. அப்பாவுடையதை எடுக்கத்தானே அனுப்பியிருக்கிறாய், அதை அழிக்கச் சொல்வாயா என்று நினைத்தேன். இன்னொன்றைக் கேட்டால் நீ சிரிப்பாய், அல்லது சிரிக்க மாட்டாய். அப்பா டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தவர். ஒரு தாள் வெளியே போகிறது என்றால் அதன் ஆபீஸ் காப்பி ஃபைலில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் போகாது. வீட்டிலும் அப்படித்தான். ரேஷன் கார்டு மனு, உன் பள்ளிக்கூட ஃபாரம், ஏன், உன் பெரியப்பாவுக்கு எழுதுகிற கடிதத்துக்குக்கூடக் கார்பன் வைப்பார். "அண்ணனுக்கு எழுதறதுக்குமா?" என்று கேட்டால், "நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லைம்பான். எடுத்து நீட்டுவேன்" என்பார். அவரோடு நாற்பது வருஷம் இருந்தவளுக்கு, இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு காப்பி எடுத்து வைக்காமல் எதையும் அழிப்பார்கள் என்று தோன்றவே இல்லை. எங்கேயோ ஃபைலில் இருக்கும் என்று நினைத்தேன். அழுத்தினேன்.

பட்டை ஊர்ந்தது. நான் எழுந்து போய் டீ போட்டேன், அப்பா சொன்ன மாதிரி. டீயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அடுத்த தாளைத் திருப்பினேன். மேலேயே சின்ன எழுத்தில் இருந்தது. 'குறிப்பு: ஆறாம் படியைத் தொடங்கும் முன் தங்கள் கோப்புகளுக்குக் காப்பு நகல் எடுத்திருப்பது அவசியம். அழிக்கப்பட்டவற்றை மீட்க இயலாது.' அதைப் பல தடவை படித்தேன். எல்லா வார்த்தையும் புரிந்தது.

மறுநாள் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறிக் கரோல் பாக் போனேன். நாம் இருந்த சந்துக்குப் பக்கத்தில் இப்போது முழுக்க ரிப்பேர் கடைகள். கடைக்காரன் உன் வயசுதான் இருப்பான். திறந்து பார்த்து, ஏதேதோ தட்டிப் பார்த்து, "மாதாஜி, சப் சாஃப் ஹை. பழசு ஒண்ணும் இல்லை" என்றான். "ஆபீஸ் காப்பி?" என்று கேட்டேன். "கைசா காப்பி, மாதாஜி? என்ன காப்பி?" என்றான். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவன் கெட்டவன் இல்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். "நீங்க எடுத்து வெச்சிருந்தாத்தான் உண்டு" என்றான்.

அன்றைக்கு உன்னிடம் என்ன சொன்னேன்? சிஸ்டம் ஏறிவிட்டது, ஆனால் அப்பாவுடையது எதுவும் தெரியவில்லை, லேப்டாப் பழசு, உள்ளே ஏதோ தானாகப் போய்விட்டது, கடைக்காரன் சொன்னான் என்றேன். நீ "பரவாயில்லைம்மா, பழைய டிஸ்க், அப்படித்தான் போகும்" என்று என்னைத் தேற்றினாய். நீ தேற்றத் தேற்ற நான் பொய்யிலேயே உட்கார்ந்துவிட்டேன். தானாகப் போகவில்லை தம்பி. இந்த விரல்தான். பழசை வைத்துக்கொண்டே புதுசை ஏற்றுகிற வழியும் அதே தாள்களில் இருந்தது. பிற்பாடு பார்த்தேன், பத்தாவது தாளில். நான் ஐந்தாவது தாளிலேயே முடித்துவிட்டேன்.

இதைப் படித்து நீ என்ன நினைப்பாய் என்று யோசித்து யோசித்துத்தான் இவ்வளவு நாள் போயிற்று. பழியை உன் மேல் தள்ளிவிட்டுத் தப்பிக்க எழுதவில்லை. என் வாய் அன்றைக்கு மேடத்திடம் செய்ததையே உன்னிடமும் செய்தது. நீயும் ஒரு தாளை எழுதிவிட்டு, எதிர்ப்பக்கம் நிற்கத் தெரியாதவள் ஒருத்தி இருப்பாள் என்று நினைக்கவில்லை. நீ எழுதும்போது முழுப் பக்கமும் உன் கண்ணில் இருக்கிறது. எங்களுக்கு விரல் இருக்கிற வரி மட்டும்தான் இருக்கிறது. எச்சரிக்கை அடுத்த வரியில் இருந்தால்கூட எங்களுக்கு அது நாளைக்கு வந்து சேர்கிற தந்தி. யாரோ ஒருத்தி, எங்கேயோ, அவள் வீட்டுக்காரருடைய போட்டோவோ பேரன் எழுதினதோ இருக்கிற மிஷினை முன்னால் வைத்துக்கொண்டு, நீ சொல்கிறாய் என்று நம்பி அழுத்துவாள். அவளுக்கு உன்னை மாதிரி மகன் தேற்றக் கிடைக்க மாட்டான். அதனால் மீட்டிங்கில் போய்ச் சொல், எங்க அம்மா செய்யவில்லை என்று. எங்கே கை நின்றது, நின்ற பிறகும் ஏன் அழுத்தினாள் என்று சொல். அந்தக் குறிப்பை ஆறாம் படிக்கு முன்னால் கொண்டுவா. முடிந்தால் முதல் தாளிலேயே வை.

இன்னொன்று இருக்கிறது. அப்பாவின் வரிகள் மிஷினில் போய்விட்டன, ஆனால் ஒவ்வொன்றையும் என்னை வைத்துத்தான் பார்த்தார். நான் எங்கே முழித்தேன், அவர் எப்படி மாற்றினார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய பழைய ஆபீஸ் டைரி ஒன்றில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இருபத்தி ஏழு வரி வந்திருக்கிறது. சில நாள் ஒன்றும் வருவதில்லை. பாத்திரம் துலக்கும்போது திடீரென்று ஒன்று வரும், ஈரக் கையோடு ஓடிப்போய் எழுதுகிறேன். வரிசை சரியாக இல்லை. என் ஞாபகமும் முன் மாதிரி இல்லை, போன வாரம் கேஸை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். பனி குறைந்ததும் ஒரு பத்து நாள் வா. எதிரில் உட்கார். நீ கேள், நான் செய்து காட்டுகிறேன். எங்கே கை நிற்கிறதோ அங்கே அப்பா என்ன எழுதியிருந்தார் என்று எனக்கு வந்துவிடும்.

முதல் வரியை மட்டும் இப்போதே தருகிறேன், உன் முதல் தாளுக்கு ஆகும். 'பயப்படாதீர்கள். முதலில் திரும்பி வரும் வழியைச் சொல்கிறேன்.'

நாளைக் காலையில் செக்டர் மார்க்கெட்டுக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தையும் டைரியில் எழுதின தாள்களையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அப்பா அலமாரியில் வைத்துவிட்டு, அப்புறம்தான் கடிதத்தைத் தபாலில் போடுவேன்.

உன் அம்மா